உப்பு – தேவையான அளவு

தமிழில் அச்சான சமையல் குறிப்புகளில் அதிகம் திரும்ப வரும் வரி எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை. 'உப்பு – தேவையான அளவு.' வார இதழ்களின் இணைப்பிலும் பண்டிகை மலரிலும் கைபேசியில் ஓடும் காணொளியிலும் இந்த வரி இல்லாமல் ஒரு குழம்பும் கொதிப்பதில்லை. எவ்வளவு தேவை என்று தெரியாததால்தானே ஒருவர் குறிப்பைத் தேடி வருகிறார்? தெரிந்தவருக்குக் குறிப்பு எதற்கு? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பழமொழி வைத்திருக்கிற நாம், அந்த அளவு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் கையை விரித்துவிடுகிறோம்.

இந்த வரிக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதற்குக் கைப்பக்குவம், கைமணம், கைராசி என்று பல பெயர்கள். சமையல் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, சிலர் கையில் அது ஊறிக் கிடக்கிறது, கூட நின்று பார்த்துப் பார்த்துத்தான் படிய வேண்டும் என்பது அதன் சாரம். கேட்க இனிமையாக இருக்கிறது. நம் கவிதைகளிலும் சிறுகதைகளிலும் அம்மாவின் கைமணத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் நம் சமையல் நம் பிள்ளைகளிடம் போய்ச் சேராமல் நிற்பதற்கு இந்த நம்பிக்கைதான் முதல் காரணம் என்று நான் சொல்வேன். மசாலா கிடைக்காமல் அது நிற்கவில்லை. ஹோம்புஷிலும் வென்ட்வொர்த்வில்லிலும் பெண்டில் ஹில்லிலும் கிடைக்காத சாமான் இன்று எது? முருங்கைக்காய் முதல் ஒடியல் மா வரை தேடினால் அகப்படுகிறது. அகப்படாதது அளவு ஒன்றுதான்.

எங்கள் லிட்கம் பக்கத்து அடுக்ககங்களில் வாரம் ஒரு தடவையாவது இப்படி ஒரு தொலைபேசி உரையாடல் நடக்கும். வேலைக்குப் போய்த் தனியாக வீடு எடுத்த மகள் கேட்கிறாள்: "அம்மா, தூள் எவ்வளவு போடுறது?" "அளவாய்ப் போடு பிள்ளை." "அளவாய் எண்டா எத்தினை கரண்டி?" "அதென்ன கரண்டிக் கணக்கு? கண் பார்த்தால் கை செய்யும்." மதுரைத் தமிழில் இதே உரையாடல் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். "ஒரு குத்து போடும்மா, போதும்." யாருடைய குத்து என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தில் சிரிப்புத்தான் பதில்.

அந்தப் பெண் அன்று இரவு என்ன செய்வாள்? சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய 'மெட்ராஸ் கறி' சீசாவைத் திறப்பாள். மெட்ராஸில் அப்படி ஒரு கறி கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் சீசாவின் முதுகில் இத்தனை கிராம் கோழிக்கு இந்த ஒரு சீசா, இத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கிறது. யாரோ முகம் தெரியாத ஒரு கம்பெனி அவள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. பெற்ற தாய் சொல்ல மறுக்கிறாள்.

*

கண்ணளவு ஒரு காலத்தில் வேலை செய்ததை நான் மறுக்கவில்லை. ஒரே ஊர், ஒரே அடுப்பு, ஒரே கரண்டி, ஒரே கடையின் மிளகாய். பத்து வயதிலிருந்து பக்கத்தில் நிற்கும் மகள். அங்கே எல்லாம் மாறாமல் இருந்ததால் கண் தவறவில்லை. கடல் தாண்டியதும் அந்த மாறாதவை எல்லாம் மாறிவிட்டன.

வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். '2 வெங்காயம்' என்கிறது குறிப்பு. ஊரில் சந்தையில் வாங்கிய நடுத்தர வெங்காயம் 70, 80 கிராம் இருக்கும். ஃப்ளெமிங்டன் சந்தையில் மூட்டையாக வாங்கும் பழுப்பு வெங்காயம் ஒன்றே 200 கிராமைத் தாண்டும். ஆக, அதே 'இரண்டு' இங்கே ஏறக்குறைய மூன்று மடங்கு. குழம்பு இனிக்கிறது, நீர்த்துப் போகிறது, 'இந்த ஊர்ச் சாமானில் ருசியே இல்லை' என்று ஊரைக் குறை சொல்கிறோம்.

கரண்டி இன்னும் மோசம். உலகின் பெரும்பாலான நாடுகளில் ஒரு மேசைக்கரண்டி 15 மில்லிலீட்டர். ஆஸ்திரேலியாவில் மட்டும் அது 20. சென்னையில் எழுதிய குறிப்பில் உள்ள மூன்று மேசைக்கரண்டியை இங்கே கடையில் வாங்கிய அளவுக்கரண்டியில் எடுத்தால் நான்காகிவிடும். மல்லித்தூளானால் பிழைத்துக்கொள்ளலாம். மிளகாய்த்தூளானால்?

அடுப்பு அதற்கும் மேல். 'மிதமான தீ' என்பது விறகடுப்புக்கும் கேஸ் அடுப்புக்கும் ஓரளவு பொருள் தரும். புதிய அடுக்ககங்களின் இண்டக்‌ஷன் அடுப்பில் தீயே இல்லை. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் இருக்கிறது. ஐந்து மிதமா, ஆறு மிதமா? தேங்காய்ப்பால் டின்னிலும் இதே கதைதான். பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் கொழுப்பு டின்னுக்கு டின் வேறு. முதல்பால், இரண்டாம்பால் என்ற நம் பாகுபாடு டின்னின் மேல் எழுதியிருக்காது. பின்னால் உள்ள அட்டவணையைப் படித்தால்தான் கையில் இருப்பது எது என்று புரியும்.

எல்லாம் மாறிய இடத்தில் மாறாமல் நிற்கக்கூடியது கிராம் ஒன்றுதான். அதைத்தான் நாம் அவமானமாக நினைக்கிறோம். தராசு வைத்துச் சமைப்பவளைப் பார்த்து 'கேக் செய்கிறாயா?' என்று சிரிக்கிறோம்.

*

முதுகலை படிக்க வெளிநாடு புறப்பட்டபோது எனக்குச் சொல்லப்பட்டது, 'கல்யாணமானா தானா வரும்.' எதுவும் தானாக வருவதில்லை என்பது என் தொழில் எனக்குச் சொன்ன பாடம். கணினி ஆலோசகராகப் பெரிய நிறுவனங்களுக்குப் போகும்போது எங்களுக்கு அதிகம் பயம் தருவது பழைய மென்பொருள் அல்ல. அதை இயக்கும் விதம் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரியும் என்ற நிலைமை. அவர் ஓய்வு பெறும் நாளில் நிறுவனம் தடுமாறும். எனவே முதல் வேலை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்வதையெல்லாம் எழுதுவது. அவரிடம் கேட்டால் 'அது பழக்கத்தில் வருவதுதான்' என்பார். ஆகவே கேட்காமல் அளக்க வேண்டும்.

என் அம்மா மதுரையிலிருந்து வந்து மூன்று மாதம் எங்களோடு இருந்தபோது அதைத்தான் செய்தேன். அவரிடம் ஓர் அளவும் கேட்கவில்லை. சமைக்கும் முன் மிளகாய்த்தூள் டப்பாவையும் உப்பு ஜாடியையும் எண்ணெய்ப் போத்தலையும் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டேன். சமைத்து முடித்ததும் மறுபடி நிறுத்தேன். கழித்தால் வருவது அவர் போட்ட அளவு. ஒரு கிலோ கோழிக்கு மூன்று தடவை மிளகாய்த்தூள் முறையே 22, 24, 23 கிராம். உப்பு 18, 18, 19. 'கண்ணாலதான் போடுறேன், எனக்கென்ன கணக்கா தெரியும்' என்று சொல்கிறவரின் கை ஒரு கிராம் பிசகாமல் அளந்துகொண்டிருந்தது.

இந்த எண்களைப் பார்த்த பிறகு கைப்பக்குவம் என்ற சொல்லே எனக்கு அவமரியாதையாகப் படுகிறது. ஐம்பது வருடம் ஒரு பெண் தினமும் செய்து, ருசித்து, திருத்தி, நினைவில் ஏற்றிய கணக்கை நாம் 'கை' என்கிறோம். மருத்துவர் நோய் கண்டுபிடித்தால் அறிவு என்போம். மெக்கானிக் சத்தத்தை வைத்து எஞ்சின் கோளாறைச் சொன்னால் அனுபவம் என்போம். அம்மா குழம்பில் உப்பைச் சரியாகப் போட்டால் அது ராசியாம். அவளுக்குத் தலை இல்லை, கை மட்டும் இருக்கிறது என்பதுபோல.

இதே சமையலை ஆண்கள் கூலிக்குச் செய்யும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கல்யாணச் சமையல்காரரிடம் போய் 'முந்நூறு இலை' என்றால் அவர் கைராசி பேசுவதில்லை. சாமான் பட்டியல் தருவார். அரிசி இத்தனை கிலோ, துவரம்பருப்பு இத்தனை, புளி இத்தனை, நல்லெண்ணெய் இத்தனை லிட்டர். காசுக்குச் செய்யும் சமையலுக்குக் கணக்கு உண்டு. காசில்லாமல் செய்யும் சமையலுக்குக் கைமணம் என்ற பாராட்டு உண்டு. சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் அந்தப் பாராட்டால் யாருக்கு லாபம் என்று கேட்க வேண்டும். 'அம்மா மாதிரி யாருக்கும் வராது' என்று சொல்லும் மகன் ஒரு ரசம் வைக்கக் கற்க வேண்டிய கடமையிலிருந்து தப்பித்துவிடுகிறான். வராது என்று முடிவாகிவிட்ட பிறகு முயல்வானேன்? மகளுக்கோ 'கல்யாணமானால் வரும்' என்ற வாக்குறுதி. ஒருவனுக்கு வரவே வராது, மற்றவளுக்குத் தானே வரும். இரண்டு பேருக்கும் கற்றுத்தர வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

*

சரி, அளவை எழுதினால் போதுமா, பக்குவம் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதையும் சொல்லலாம். வீட்டில் வைக்கும் குழம்பு மணக்காமல் போவதற்கு நான்கைந்து காரணங்களுக்கு மேல் கிடையாது.

முதலாவது, வெங்காயம். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை சட்டியில் உள்ளதன் சூடு 100 பாகையைத் தாண்டாது. வெங்காயம் பொன்னிறமாகி மணம் தர 140 பாகைக்குப் பக்கத்தில் போக வேண்டும். ஆகவே 'ஐந்து நிமிடம் வதக்கவும்' என்று எழுதுபவர் பொய் சொல்கிறார். 300 கிராம் வெங்காயத்துக்குப் பதினைந்து நிமிடமாவது வேண்டும். தொடக்கத்திலேயே கொஞ்சம் உப்புப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் வெளியே வரும். அவசரக் குழம்புகள் பச்சை வாடை அடிப்பது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, தூள். சீரகம், சோம்பு, பட்டை, கறிவேப்பிலை ஆகியவற்றின் மணச்சத்து தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும். கொதிக்கும் குழம்பில் கொட்டிய மசாலாவுக்கும் எண்ணெயில் புரட்டிய மசாலாவுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஆனால் தூள் நொடியில் கருகும். தீயைக் குறைத்து முப்பது, நாற்பது விநாடி புரட்டிவிட்டு ஒரு கை தண்ணீர் தெளித்தால் கருகாது. இங்கே 'ஒரு கை' என்பது 30 மில்லிலீட்டர்.

மூன்றாவது, 'எண்ணெய் பிரிந்து வரும்வரை.' நம் குறிப்புகளில் உள்ள மிகத் துல்லியமான வரி இது. தக்காளியின் தண்ணீர் வற்றியதும் எண்ணெய் தனியே ஓரத்தில் கசியும். தண்ணீர் போய்விட்டது, இனி சூடு ஏறும், மசாலா வறுபடும் என்பதற்கு அதுவே அடையாளம். நம் பாட்டிகள் வெப்பமானி இல்லாமல் கண்டுபிடித்த வெப்பமானி.

நான்காவது, புளி. காய் வேகும் முன் புளியை ஊற்றினால் உருளைக்கிழங்கும் பருப்பும் வேகச் சண்டித்தனம் செய்யும். புளிப்பு அவற்றின் சுவர்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முக்கால் வேக்காடு ஆன பிறகு ஊற்ற வேண்டும். யாழ்ப்பாணத்து முறையில் முதல்பாலைக் கடைசியில் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குவதற்கும் காரணம் உண்டு. நெடுநேரம் கொதித்தால் பால் திரிந்துவிடும்.

ஐந்தாவது, வறுத்த தூள். மல்லி, சோம்பு, மிளகு, சீரகம், வெந்தயம் ஆகியவற்றை ஒன்றாகக் கொட்டி வறுப்பவர் தூளைக் கெடுக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நேரம் வேறு. வெந்தயம் ஒரு நிமிடம் கூடினால் மொத்தமும் கசக்கும். 500 கிராம் மிளகாய், 500 கிராம் மல்லி, 100 கிராம் சோம்பு, மிளகும் சீரகமும் 50 கிராம் வீதம், 25 கிராம் வெந்தயம், ஒரு பிடி கறிவேப்பிலை என்று தொடங்கி, தன் நாக்குக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். கூட்டவும் குறைக்கவும் ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும் அல்லவா? அதைத் தராமல் 'உன் நாக்குக்கு ஏற்ப' என்று சொல்வதில் என்ன பயன்?

அம்மாவின் கோழிக் குழம்பை இப்போது இப்படி எழுதி வைத்திருக்கிறேன். எலும்போடு கோழி ஒரு கிலோ, நல்லெண்ணெய் 45 கிராம், வெங்காயம் 300, தக்காளி 200, இஞ்சி 25, பூண்டு 30, மிளகாய்த்தூள் 23, மல்லித்தூள் 30, மஞ்சள் 3, சோம்போடு அரைத்த தேங்காய் 80, தண்ணீர் 400, உப்பு 18. உப்பைக் கவனியுங்கள். சட்டியில் சேர்ப்பவற்றின் மொத்த எடையில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. எந்தக் குழம்புக்கும் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். 'தேவையான அளவு' என்பதன் பொருள் அவ்வளவுதான். இதைச் சொல்ல நமக்கு இத்தனை காலம் வாய் வரவில்லை.

*

கண்ணளவுதான் நம் மரபு என்று வாதிடுபவர்களுக்கு மரபு தெரியாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ராஜராஜ சோழன் தஞ்சாவூரில் கட்டிய கோயிலின் கல்வெட்டுகளில் அமுதுபடிக்கு அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, பருப்பு எவ்வளவு, கறியமுதுக்கு எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு, செவிடு வரை கணக்கு இருக்கிறது. செவிடு என்பது ஆழாக்கில் ஐந்தில் ஒரு பங்கு. அளக்கும் மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று இறைவனின் பெயரையே வைத்திருந்தார்கள். செய்முறை அங்கே எழுதப்படவில்லை என்பது உண்மை. ஆனால் ஆழாக்கில் ஐந்தில் ஒன்றைக் கல்லில் வெட்டிய சமூகத்தின் பிள்ளைகள் 'ஒரு குத்து' என்பதை மரபு என்று சொல்லக் கூடாது.

அச்சுக் காலத்தில் அந்தக் கணக்கைப் பெண்களிடம் கொண்டுவந்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். சமையல் கேட்டு வந்த உறவுக்காரப் பெண்களுக்குச் சொல்லிச் சொல்லி, உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயரின் தூண்டுதலால் அவர் எழுதிய 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. அளவு சொன்ன புத்தகம். கல்யாணமாகிக் கடல் கடந்த பெண்களின் பெட்டியில் அது போனது. பக்கத்தில் அம்மா இல்லாதவளுக்கு என்ன தேவை என்பதை எழுபது ஆண்டுக்கு முன்பே அவர் உணர்ந்திருந்தார். ஆனால் அது ஒரு சாதியின் சைவ அடுக்களை. ஆட்டுக்கறிக்கும் கருவாட்டுக்கும் நண்டுக்கும் பன்றிக்கும் மீனாட்சி அம்மாள் அந்தக் காலத்தில் யார் இருந்தார்? எழுதப்படாதவை எவருடைய சமையல் என்று பார்த்தால், கைப்பக்குவம் என்ற திரைக்குப் பின்னால் யார் யார் விடுபட்டுப் போனார்கள் என்பது தெரியும். யாழ்ப்பாணத் தமிழரின் ஒடியல் கூழையும் குரக்கன் புட்டையும் தலைப்பிலேயே தாங்கிய ஒரு தொகுப்பு, நேசா எலியேசரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 2003இல் வந்தது. வந்தது ஆங்கிலத்தில்.

நாம் எழுதாத இடத்தில் மற்றவர்கள் எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டில் டாஸ்மேனியாவில் கடை வைத்திருந்த ஜோசப் கீன் ஒரு கறித்தூளைக் கலந்து விற்றார். 1905இல் ஹோபார்ட் நகரைப் பார்த்த மலைச்சரிவில் அந்தத் தூளின் பெயரை வெள்ளைக் கற்களால் பெரிதாக எழுதி வைத்தார்கள். இன்றும் இருக்கிறது. பல ஆஸ்திரேலியக் குடும்பங்களுக்குக் கறி என்றால் அந்த டின்னின் மஞ்சள் தூள்தான். அதைக் கேலி செய்வது நமக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ஆனால் டின்னில் எத்தனை கரண்டி என்று போட்டிருந்தது. அதனால் அது பேத்தி வரை போனது.

அந்த மஞ்சள் காலத்தை மாற்றியவரும் நம் பக்கத்திலிருந்து வந்தவர்தான். கொழும்பில் பிறந்து 1959இல் ஆஸ்திரேலியா வந்த சார்மெய்ன் சாலமன் 1976இல் 'தி கம்ப்ளீட் ஏஷியன் குக்புக்' எழுதினார். வறுத்த இலங்கைக் கறித்தூளை எப்படிச் செய்வது என்று சிட்னியில் இருந்துகொண்டு, இங்குள்ள கரண்டிக் கணக்கில் எழுதினார். அவர் தமிழர் அல்லர், பறங்கியர். பெரியம்மா சொல்ல மறுத்ததை அந்தப் புத்தகத்தில் பார்த்துச் செய்த தமிழ்ப் பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே பலர்.

*

லிட்கம் ரயில் நிலையத்தில் இறங்கினால் கண்ணில் படுவது கொரியப் பலகைகள். அவர்களிடமும் நம் கைமணத்துக்கு நேரான ஒரு சொல் இருக்கிறது. சொன்மாட். கையின் ருசி. அம்மாவின் சொன்மாட்டை நினைத்து உருகுவதில் அவர்கள் நமக்கு இளைத்தவர்கள் அல்லர். ஆனால் உருகியதோடு நிற்கவில்லை. 2010இல் குவாங்ஜு நகரில் கிம்ச்சிக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார்கள். உப்பு, புளிக்கும் வெப்பநிலை, நுண்ணுயிர் என்று ஒன்றொன்றாக ஆராய்கிறார்கள். குடும்பமும் அக்கம்பக்கமும் கூடிக் கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கம் 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அளந்ததால் பாட்டியின் மதிப்பு குறையவில்லை. நம் கறித்தூளுக்கு அப்படி ஒரு நிறுவனம் எங்கே? சரி, நிறுவனம் வேண்டாம், வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எங்கே?

எழுதினால் உயிர் போய்விடும் என்பது கடைசி வாதம். இசையிலும் இதைச் சொன்னார்கள். கமகத்தைத் தாளில் அடைக்க முடியாது என்றார்கள். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டபோது கமகங்களுக்கே குறியீடுகள் வைத்தார். அதனால் பாட்டு செத்துவிடவில்லை. தீட்சிதர் கிருதிகளை ஆராய்கிறவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்தைத்தான் பிரிக்கிறார்கள். எழுத்து முழுமை அல்ல என்பது உண்மைதான். குறைவாக எழுதியது பிழைக்கிறது, எழுதாதது குறைவாகக்கூடப் பிழைப்பதில்லை.

காணொளிகள் இருக்கின்றனவே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இருக்கின்றன. அவை இன்னொருவரின் அம்மா. பல லட்சம் பேருக்குப் பிடிக்க வேண்டும் என்பதால் எல்லாம் ஒரே ஹோட்டல் ருசிக்கு ஒதுங்கிவிட்டன. வல்வெட்டித்துறை வீட்டுக்கும் மட்டக்களப்பு வீட்டுக்கும், கம்பம் வீட்டுக்கும் காயல்பட்டினம் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே கிடைக்காது. அந்த வித்தியாசம் உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் ஒரே ஒருவரிடம்.

அவருக்கு என்ன வயது? 1983க்குப் பிறகு கைக்குழந்தையோடு இங்கே வந்து இறங்கிய பெண்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தொட்டுவிட்டார்கள். சிலருக்கு நினைவு தவறத் தொடங்கிவிட்டது. முதியோர் இல்லத்தில் அரைத்த உருளைக்கிழங்கு சாப்பிடுகிறார்கள். லிட்கமில் ரூக்வுட் மயானம் இருக்கிறது. இறுதிச் சடங்குக்கு அங்கே போய்த் திரும்பும் காரில் 'அவவின்ரை கணவாய்க் கறி மாதிரி இனி ஆர் வைக்கப் போயினம்' என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. அது துக்கம் மட்டும் அல்ல, வெட்கப்பட வேண்டிய விஷயமும்கூட. நாற்பது வருடம் அந்தக் கறியைத் தின்றவர்கள் ஒருவர்கூட எழுதி வைக்கவில்லை. எழுதிய நூலகம் எரிந்ததை 1981இல் பார்த்தவர்கள் நாம். எழுதாத நூலகம் எரிய யாரும் தீ வைக்க வேண்டியதில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

பிள்ளைகளுக்கு: இருபது டாலருக்கும் குறைவாக ஒரு சமையலறைத் தராசு கிடைக்கும். அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ அளவு கேட்காதீர்கள், அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. சமைக்கும் முன்னும் பின்னும் டப்பாக்களை நிறுங்கள். ஒரே கறியை மூன்று தடவை. எண்கள் ஒத்துப்போகும் இடத்தில்தான் அந்தக் கறியின் முதுகெலும்பு. ஒத்துப்போகாத இடத்தில் உங்களுக்குச் சுதந்திரம். இதை மகளிடம் மட்டும் விடாதீர்கள், மகன்களுக்கும் டப்பா தூக்கக் கை உண்டு.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளுக்கு: 'எனக்குப் பிடித்த உணவு' என்று வருடாவருடம் பத்து வரிக் கட்டுரை எழுத வைக்கிறீர்கள். அதற்குப் பதிலாக வீட்டுக் கறி ஒன்றைக் கிராம் கணக்கோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வரச் சொல்லுங்கள். வதக்கு, வறு, தாளி, கொதி, வற்று, இறக்கு. இத்தனை வினைச்சொற்களைக் காரணத்தோடு கற்றுத்தரும் பாடம் வேறு எது?

இந்த இதழின் ஆசிரியர் குழுவுக்கு: அம்மாவின் கைமணம் பற்றிய கவிதைகள் போதும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு வீடு, ஒரு ஊர், ஒரு கறி, சமைத்தவரின் முழுப்பெயர், கிராமில் அளவு. 'தேவையான அளவு' என்று எழுதி வருவதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.